பொன் வேண்டாத ஆய்மகளும் நெய்வேலியின் எருமைகளும்

பெரும்பாணாற்றுப்படையைப் பலரும் தொண்டைமான் இளந்திரையனுக்காகவும் காஞ்சி நகர வருணனைக்காகவும் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் மிக நெருக்கமான பாத்திரம் மோர் விற்கச் செல்லும் ஆய்மகள். புலரும் பொழுதில் தயிர் கடைந்து, வெண்ணெய் திரட்டி, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று அதை நெல்லுக்கு மாற்றுகிறாள். அந்த வரவில் சுற்றத்தாருக்கு உணவளிக்கிறாள். மோரின் வருமானம் அன்றாடச் சோற்றுக்கு. நெய்யின் விலையில் மட்டும் அவள் வேறு முடிவெடுக்கிறாள். பசும்பொன்னாகக் கொடுத்தால் அவள் ஏற்பதில்லை. எருமையையும் நல்ல பசுவையும் இளம் எருமைக் கிடேரியையும் அதற்கு ஈடாகப் பெறுகிறாள் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

பால் விலைக்கும் மந்தைக்கும் இடையிலான உறவைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. விலை கிடைத்தது, மந்தை பெருகியது. நடுவில் பொன் ஒரு கணம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எருமைதான் முதலில் சொல்லப்படுகிறது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இந்தக் கணக்கு நம் காலத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்க நெய்வேலியை எடுத்துக்கொள்கிறேன். (ஊரின் பெயரில் நெய் இருக்கிறது என்பதை வைத்துப் பெயர்க்காரணம் கற்பிக்கும் துணிச்சல் எனக்கில்லை.) நெய்வேலியைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. பாலுக்கு உறுதியான வாடிக்கையாளர்களும், பால் தரும் மாட்டுக்குப் புல் தரும் நிலத்தின் இழப்பும் ஒரே கையால் ஒரே காலத்தில் வழங்கப்பட்ட ஊர் அது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கறுப்புத் துகள்கள் மேலே வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிச்சம் கண்டது. மறு ஆண்டே மின்சாரம். கரிக்கு மேலே கிடந்த மண் முழுவதையும் அகற்றித்தான் கரியை எடுக்க முடியும் என்பதால் அந்த மண்ணின் மேலிருந்த ஊர்களும் அகன்றன. டவுன்ஷிப்புக்குள் இன்றும் பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் திரளும் வேலுடையான்பட்டு முருகன் கோயில், தன் பெயரில் ஓர் ஊரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

அகன்றவற்றில் பட்டா நிலம் இருந்தது, முந்திரிக் காடு இருந்தது, ஏரியும் குட்டையும் இருந்தன, மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. வந்தவற்றில் முதன்மையானது மாதச் சம்பளம். வட்டம் வட்டமாக, நேர்க்கோட்டுச் சாலைகளும் வேப்பமரங்களுமாக எழுந்த குடியிருப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் காலையில் காப்பி வேண்டும். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் வீட்டில் அது விடியுமுன் வேண்டும். விவசாய ஊரில் பால் கொடுத்தால் அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீரும். இங்கே சம்பள நாளன்று தீரும். சுற்றுக் கிராமத்தில் ஒரு மாடு வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சம்பளம் வாங்கி வளர்ந்த நாம் எளிதில் உணர்வதில்லை. சைக்கிளின் இருபுறமும் கேன் தொங்க வட்டங்களுக்குள் நுழைந்த பால்காரர், உண்மையில் சுரங்கத்தின் வருமானத்தில் ஒரு சிறு துளியைக் கிராமத்துக் கட்டுத்தறிக்குக் கொண்டுபோனவர்.

ஆக, பாலுக்கு நல்ல விலை. அப்படியானால் மந்தை பெருகியிருக்க வேண்டும் அல்லவா?

*

விலை ஏறினால் உற்பத்தி ஏறும் என்பது பாடநூல் விதி. எப்போது ஏறும் என்பதில்தான் சிக்கல். அமெரிக்கப் பொருளியலாளர் மார்டெகாய் எசக்கியேல் 1938இல் சிலந்திவலைத் தேற்றம் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். இந்த ஆண்டின் விலையைப் பார்த்து உழவர் எடுக்கும் முடிவு அடுத்த ஆண்டின் விளைச்சலாக வருகிறது. அந்த விளைச்சல் அன்றைய விலையை மாற்றுகிறது. மாறிய விலை மீண்டும் முடிவை மாற்றுகிறது. கோடு போட்டுப் பார்த்தால் சிலந்தி வலை போலிருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து மார்க் நெர்லோவ், உழவர் நேற்றைய விலையை அப்படியே நம்புவதில்லை, பழைய அனுபவத்தையும் புதிய விலையையும் கலந்து மெல்ல மெல்லத்தான் தன் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்கிறார் என்று காட்டினார். 'இந்திய விவசாயி விலைக்கு அசைய மாட்டான், அவன் பழக்கத்தின் அடிமை' என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததை 1963இல் ராஜ் கிருஷ்ணா பஞ்சாபின் பயிர்க் கணக்குகளைக் கொண்டு மறுத்தார். அவர் மறுத்திருக்காவிட்டாலும் நம் ஆய்மகள் மறுத்திருப்பாள்.

ஆனால் பஞ்சாபின் பருத்தி வேறு, பசு வேறு. பருத்தி ஒரு போகத்தில் முடிந்துவிடும். இன்று பாலுக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் கூடுகிறது என்று வையுங்கள். ஊசி போட்டுச் சினையானால் கன்று பிறக்க ஒன்பது மாதம். பிறப்பது காளையாக இருக்கப் பாதி வாய்ப்பு. கிடேரியாக இருந்தால், நன்றாக வளர்க்கப்பட்ட கலப்பினமே ஆனாலும், அது சினை பிடிக்க ஒன்றரை வருடமாவது வேண்டும். பிறகு இன்னொரு ஒன்பது மாதம். இன்றைய விலைக்கு மந்தை சொல்லும் பதில் பாலாகக் கறக்க மூன்று ஆண்டுகள் ஆகும். எருமைக்கு இன்னும் நீளும். அதன் சினைக்காலம் பத்து மாதம், தலையீற்றுக்கு நான்கு வயதுகூட ஆகலாம்.

இடைப்பட்ட காலத்தில் விவசாயியால் செய்யக்கூடியவை சில உண்டு. புண்ணாக்கும் தவிடும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். ஒரு லிட்டர் கூடும். வீட்டுக் குழந்தைகளின் டம்ளரைக் குறைத்துக்கொண்டு சொசைட்டிக்கு அதிகமாக ஊற்றலாம். பலரும் முதலில் செய்வது அதைத்தான். சந்தைக்குப் போய் ஒரு கறவை மாடு வாங்கலாம். ஆனால் அது இன்னொருவரின் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து வந்த மாடு. மாடு இடம் மாறியது, எண்ணிக்கை மாறவில்லை. பால் விலை ஏறிய ஆண்டுகளில் சந்தையில் மாட்டின் விலை அதைவிட வேகமாக ஏறுவதற்கு இதுவே காரணம். 2011இல் தமிழக அரசு கிராமத்து ஏழைப் பெண்களுக்கு ஆண்டுக்கு 12,000 கறவை மாடுகளை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது மாடுகளை வெளிமாநிலங்களில் வாங்க வேண்டும் என்று வைத்ததும் இந்தக் கணக்கை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

விலை இறங்கினால் கதை வேறு. முதலில் தீவனம் குறையும். பிறகு ஒரு காலைப்பொழுதில் தரகர் வருவார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடியும். மாலையில் கட்டுத்தறி வெறுமையாகும். ஏற மூன்று வருடம், இறங்க ஒரு நாள். பால் பொருளாதாரத்தைப் பற்றிய எந்த விவாதமும் இந்தச் சமனின்மையில் தொடங்கினால்தான் உருப்படும் என்பது என் எண்ணம். சிலந்தி வலை இங்கே ஒருபக்கம் அறுந்த வலை.

*

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பாலுக்கும் அடிப்படை விலை ஆவின் அறிவிக்கும் கொள்முதல் விலைதான். 1958இல் பால்வளத் துறை, 1972இல் பால்வள வளர்ச்சிக் கழகம், 1981இல் கூட்டுறவு இணையம் என்று மூன்று உடைகள் மாற்றிக்கொண்ட அமைப்பு அது. அதன் விலை சந்தையைப் போல அன்றாடம் அசைவதில்லை. பல ஆண்டுகள் உறைந்திருந்து ஒருநாள் தாவும். 2014 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 23 ரூபாயிலிருந்து 28 ஆனது. எருமைப்பால் 31இலிருந்து 35. அடுத்த தாவல் 2019 ஆகஸ்டில்: 32, 41. அதற்கடுத்தது 2022 நவம்பரில்: 35, 44. இடையில் 2021 மே மாதத்தில் விற்பனை விலை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைக்கப்பட்டது. உற்பத்தியாளர் விலை இருந்த இடத்திலேயே இருந்தது. 2023 டிசம்பரிலிருந்து லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகை. விலை உறைந்து கிடந்த அந்த ஆண்டுகளில் புண்ணாக்கு உறையவில்லை. பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனம் என்பதால், மாடு வைத்திருப்பவர் பார்க்கும் உண்மையான விலை ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை கிலோ தீவனம் வாங்கலாம் என்பதே. அறிவிப்புகளில் அந்த எண் வருவதில்லை.

தனியார் விலை அசையும். 1992இன் பால் ஆணை விதித்த கட்டுப்பாடுகள் 2002இல் தளர்ந்த பிறகு தனியார் பால் நிறுவனங்கள் கிராமங்களுக்குள் ஆழமாக வந்தன. 2020இல் ஊரடங்கின்போது தேநீர்க் கடைகளும் உணவகங்களும் மூடப்பட, தனியார் விலையைக் குறைத்தார்கள், சில இடங்களில் வாங்குவதையே நிறுத்தினார்கள். பால் வெள்ளமாகச் சொசைட்டிகளுக்குத் திரும்பியது. ஆவின் கொள்முதல் உயர்ந்தது. 2022-23இல் தனியார் கூடுதல் விலை கொடுக்க, அதே பால் திரும்பிப் போனது. ஆவின் கொள்முதல் நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டருக்குக் கீழே சரிந்தது. 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் சாலையில் பாலைக் கொட்டினார்கள். மே மாதம், அமுல் தமிழகத்தில் பால் வாங்க வருவதைத் தடுக்கும்படி முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார்.

நாளிதழ்கள் இதைப் பால் உற்பத்தி உயர்ந்தது, வீழ்ந்தது என்று எழுதின. மாடுகள் அப்படியேதான் இருந்தன. பால் கேன் மாறியது, அவ்வளவே. ஒரே தெருவில் எதிரெதிராக இருக்கும் இரண்டு சேகரிப்பு மையங்களில் எதில் ஊற்றுவது என்பதை ஓர் இரவில் முடிவு செய்யலாம். இந்த விரைவான அசைவையும் மந்தையின் மெதுவான அசைவையும் பிரித்துப் பார்க்காததால்தான், கொள்முதல் விலையை ஏற்றிய மூன்றாவது மாதமே 'பால் பெருகவில்லையே' என்று கேட்கும் குரல்களும், கொள்முதல் கூடியதும் 'இனி விலை ஏற்ற வேண்டாம்' என்று சொல்லும் குரல்களும் எழுகின்றன.

*

மந்தை உண்மையில் என்ன பதில் சொன்னது என்பதற்குக் கால்நடைக் கணக்கெடுப்பைத்தான் பார்க்க வேண்டும். 2012இல் தமிழகத்தில் சுமார் 88 லட்சம் மாடுகள். 2019இல் 95 லட்சம். பெருகியிருக்கிறது. எருமைகள்: 2007இல் சுமார் 20 லட்சம், 2012இல் 7.8 லட்சம், 2019இல் 5.2 லட்சம். கணக்கெடுப்பு முறையில் குறைகள் இருந்திருக்கலாம் என்று எவ்வளவு தள்ளுபடி செய்தாலும் இது ஒரு மறைவுதான்.

இங்கேதான் புதிர். மேலே சொன்ன விலைகளைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எருமைப்பாலுக்குப் பசும்பாலைவிட ஏழு ரூபாயோ ஒன்பது ரூபாயோ கூடுதல். அதிக விலை பெற்ற விலங்கு அழிந்தது. குறைந்த விலை பெற்றது பெருகியது.

லிட்டரை விட்டுவிட்டு விலங்கைப் பார்த்தால் புதிர் அவிழும். ஒரு மாதிரிக் கணக்கு: நாளுக்கு நான்கு லிட்டர் தரும் எருமை 44 ரூபாய் விலையில் 176 ரூபாய் தரும். எட்டு லிட்டர் தரும் ஜெர்சிக் கலப்பினம் 35 ரூபாய் விலையில் 280 தரும். எருமைக்கு ஈற்றுகளுக்கிடையே வற்றுக்காலம் நீளம். கோடையில் பருவத்துக்கு வருவது வெளியே தெரியாது, ஊசி போடும் நாள் தவறிப்போகும். தமிழகத்தின் இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃபிரீசியன் என்று வகுத்து, உறைவிந்துக் குழாய்களைக் கிராமம்தோறும் கொண்டுசேர்த்தது. எருமைக்கு அந்த அளவு கவனிப்பு கிடைக்கவில்லை. பாலின் கொழுப்புக்கு விலை கிடைக்கும் என்று காத்திருந்த எருமை, லிட்டரின் பெருக்கத்தில் தோற்றது.

இதெல்லாம் விலைக்குள் அடங்கும் காரணங்கள். அடங்காத ஒன்று குட்டை. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. வெயிலில் உடல் வெப்பத்தை ஆற்ற நீரோ சேறோ வேண்டும். ஊருக்கு ஒரு குட்டை இருந்தவரை அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் வரவில்லை. குட்டை தூர்ந்த ஊரிலும் சுரங்கத்துக்குள் போன ஊரிலும் அது ஒரே நாளில் செலவாக மாறியது. தண்ணீர் இறைத்து ஊற்றி எருமை வளர்க்க எந்தக் கொள்முதல் விலையும் கட்டாது. நெய்வேலியின் முரண் இதில் கூர்மையானது. கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொங்கிவிடும். அதனால் இரவும் பகலும் நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். நீருக்குப் பஞ்சமில்லாத இடத்தில் எருமைக்குச் சேறு இல்லை.

எருமையின் கதையில் இன்னொரு வாசலும் இருக்கிறது. வற்றிப்போன விலங்குக்குக் கிடைக்கும் விலையும் பால் விலையின் ஒரு பகுதியே. கிழட்டு மாட்டை விற்ற பணத்தோடு கொஞ்சம் கடன் சேர்த்துத்தான் அடுத்த கறவை வரும். தமிழகத்தில் பசுவை வெட்டுவதை 1976இன் அரசாணை தடுத்தது. எருமைக்கு அத்தடை இல்லை. எனவே எருமையை விற்பது எளிது. விற்ற பணத்தில் வந்ததோ கலப்பினப் பசு. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதைத் தடுத்து விதிகள் கொண்டுவந்தபோது, அரசியல் சத்தத்துக்கு நடுவே விவசாயிகள் கேட்ட கேள்வி எளிமையானது: வற்றிய மாட்டை என்ன செய்வது? ஒரே வாரத்தில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

*

கொஞ்சம் வெளியே போய்வரலாம். பணம் நினைத்தால் மந்தையை விரும்பியபடி ஆட்டிவைக்கலாம் என்று நம்பிய இருவரைச் சந்திக்கத்தான்.

முதலாவது அமெரிக்கா. அரசு கொடுத்த ஆதரவு விலையால் 1980களில் அங்கே பால் மலை மலையாகக் குவிந்தது. 1986இல், மந்தை முழுவதையும் விற்றுவிட்டு ஐந்தாண்டு பால் தொழில் பக்கம் வருவதில்லை என்று ஒப்புக்கொள்ளும் பண்ணையாளர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. சுமார் 15 லட்சம் விலங்குகள் இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டன. மீண்டும் பண்ணைக்குத் திரும்பாதபடி அவற்றின் முகத்தில் சூட்டுக்கோலால் அடையாளமிடச் சொன்னார்கள். வழக்குத் தொடரப்பட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. இறைச்சி விலை சரிந்து மாட்டிறைச்சிப் பண்ணையாளர்களும் வழக்குப் போட்டார்கள். இறக்குவது இவ்வளவு எளிது.

இரண்டாவது இலங்கை. 1977இல் சந்தையைத் திறந்த பிறகு மலிவான இறக்குமதிப் பால்மா வீடுகளின் பழக்கமாகியது. உள்ளூர்ப் பசு அதோடு போட்டியிட முடியவில்லை. மந்தையை விரைவில் பெருக்க, 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 பசுக்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கடன் வாங்கி அவற்றைப் பெற்ற பண்ணையாளர்கள் நோயையும் சாவையும் நட்டத்தையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபரில் பால்மாவின் விலைக் கட்டுப்பாடு நீங்கி விலை தாவியபோது அதற்குப் பதில் சொல்லப் போதிய மந்தை அங்கே இல்லை. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின்போது ஐரோப்பாவிலிருந்து தானமாக வந்த பால்பவுடரை இலவசம் என்பதற்காக மலிவாகக் கொட்டாமல் உள்ளூர் விலைக்கு இணையாக விற்க வேண்டும் என்று வர்கீஸ் குரியன் பிடிவாதம் பிடித்தாரே, அதன் பொருள் இலங்கையைப் பார்த்தால் விளங்கும். குரியன் மீது விமர்சனங்கள் உண்டு. 1983இல் கிளாட் அல்வாரெஸ் எழுதியவை முக்கியமானவை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

*

நெய்வேலிக்குத் திரும்புகிறேன். இரண்டாம் சுரங்கம் 1980களில் வந்தது. பிறகு முதல் சுரங்கத்தின் விரிவாக்கம். 2023 ஜூலை இறுதியில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட மண்வாரி இயந்திரங்கள் பச்சை நெற்பயிருக்குள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு கொடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். விளைந்த பயிரை அறுக்க விடக்கூடாதா என்பது மக்களின் வாதம். விவாதம் முழுக்க நெல்லைப் பற்றியே இருந்தது. வைக்கோலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாடு தின்பது வைக்கோலை. கடலூர் மாவட்டக் கிராமங்களில் மாடு வளர்ப்பவர்களில் கணிசமானோர் நிலமற்றவர்கள், பெரும்பாலும் பெண்கள். அடுத்தவர் வயலில் அறுப்பு வேலை செய்து, வரப்புப் புல் அறுத்து, புறம்போக்கில் மேய்த்து ஒரு கறவையைக் காப்பவர்கள். பால் பணம் அவர்கள் கைக்கு நேராக வருகிறது. வீட்டில் வேறெந்தப் பணமும் அப்படி வருவதில்லை. நிலம் போகும்போது இழப்பீடு பட்டாவைத் தேடிப் போகிறது. பட்டா இல்லாத வரப்புக்கும், யாருடையதும் அல்லாத மேய்க்காலுக்கும், வயலுக்கு உரியவர் எடுத்துக்கொள்ளச் சொன்ன வைக்கோலுக்கும் விலை போட யாரிடமும் அட்டவணை இல்லை. ஆவின் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏற்றினாலும் இந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியாது. அவள் விலைக்கு அசையாதவள் என்று புள்ளிவிவரத்தில் ஒருவேளை பதிவாவாள்.

ஆய்மகள் பொன்னை மறுக்க முடிந்ததற்கு, அவளைச் சுற்றி முல்லை நிலம் இருந்தது என்ற எளிய காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எருமையும் கிடேரியும் பெற்று வந்தால் மேய விட இடம் இருந்தது. நெய்வேலிப் பக்கத்தில் நிலம் கொடுத்தவருக்குப் பொன்தான் கொடுத்தார்கள். மறுக்கும் உரிமையும் இல்லை, வாங்கி வரும் கிடேரியைக் கட்ட இடமும் இல்லை.

முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2013இன் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், மாடு வைத்திருக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாட்டுக் கொட்டகைக்காக ஒரு முறை குறைந்தது 25,000 ரூபாய் தர வேண்டும் என்று இருக்கிறது. மூன்றாம் அட்டவணை, மறுகுடியேற்றப் பகுதியில் அமைய வேண்டிய வசதிகளைச் சொல்கிறது. சாலை, வடிகால், குடிநீர் என்று போகும் அந்த வரிசையில் கால்நடைகளுக்குக் குடிநீரும் மேய்ச்சல் நிலமும் இடம்பெற்றிருக்கின்றன. எவ்வளவு மேய்ச்சல் நிலம் என்பதை மட்டும் அந்தந்த மாநிலத்தில் ஏற்கத்தக்க விகிதத்துக்கு விட்டுவிட்டார்கள்.